தொண்ணூற்றைந்து இறாத்தலும் முப்பத்தாறு கட்ட வாஃபிளும்

1

ஒரு வாஃபிளில் முப்பத்தாறு கட்டங்கள் இருக்கின்றன. நீளத்துக்கு ஆறு, அகலத்துக்கு ஆறு. ஊரில் இதை வாசிக்கிறவர்களில் பலர் வாஃபிளைக் கண்டிருக்கமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். கரைத்த மாவை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி, மூடி, சுட்டெடுக்கும் தடித்த அப்பம் அது. தட்டுகளில் கட்டம் கட்டமாகப் பள்ளமும் மேடும் இருப்பதால், சுட்டெடுத்த பிறகு வரம்பு கட்டிய வயலை உயரத்திலிருந்து பார்ப்பது போல இருக்கும். சாகாமத்தில் நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்து, குளத்தின் நீர்மட்டத்தை அடியிலும் அங்குலத்திலும் பதிந்தவன் நான். வயல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த எட்டுக் கிழமைகளில் முந்நூற்று முப்பத்தாறு வாஃபிள் சுட்டிருக்கிறேன். கருகிய ஒன்பதையும், அச்சில் ஒட்டிக்கொண்டு பாதியாக வந்த நான்கையும் இதில் சேர்க்கவில்லை.

இதை வாசிக்கும் கல்முனைக்குடி நண்பர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். வீடு அவளுடையது, குசினி அதைவிட அவளுடையது. ஆசியாவை முடித்து முப்பத்தைந்து வருடம் அவளுடைய வீட்டில் இருந்தேன். குசினிக்குள் நான் போனது ஏழு தடவை. அதில் இரண்டு தடவை பாம்பு அடிக்க. அப்படிப்பட்ட நான் இப்போது டொரொன்டோவில் மூத்த மகளின் குசினியில், காலை ஆறரைக்கு, ஏப்ரன் என்ற முன்துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். காரணம் ஒரு இலக்கம்.

2

நாங்கள் இங்கு வந்து மூன்று வருடம் நிறைந்த அன்றுதான் அந்த இலக்கம் எங்களுக்குத் தரப்பட்டது.

அதற்குச் சில மாதம் முன்னர் ஆசியாவுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தது. நோய் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் இருந்த மனுசி எண்பத்துநான்கு இறாத்தலுக்கு இறங்கிவிட்டாள். இந்த நாட்டு அரசாங்கம் கிலோவுக்கு மாறிவிட்டது. அந்த மருத்துவமனையின் தராசு மட்டும் இன்னும் மாறவில்லை. அதனால் எனக்குக் கணக்கு இலகுவாயிற்று. ஊரில் இறாத்தலில் விற்கும் பாண் ரொட்டியையும் மனைவியையும் ஒரே அளவையில் நிறுக்கலாம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் இளைய மகள் ஃபரீதாவின் கல்யாணம் ஊரில் முற்றாயிற்று. அவளையும் எங்களோடு அழைத்துவர அந்த நாளில் எத்தனை படிவம் நிரப்பினேன்! பதினான்கு படிவம், இருபத்திரண்டு புகைப்படம். இருபத்தொரு வயதைத் தாண்டினால் பிள்ளை பிள்ளையல்ல, தனி ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கல்முனைக்குடியில் உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டில் நின்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. லீவு முப்பது நாள். முப்பத்தோராவது நாள் என்று ஒன்று அவருடைய கொம்பனியில் கிடையாது. ஆகவே திகதியைத் தள்ள ஏலாது.

மருத்துவர் எங்களுடைய பயணச்சீட்டுத் திகதியைப் பார்த்தார், ஆசியாவின் கையைப் பார்த்தார். இருபது மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த உடம்புக்கு ஆகாது என்றார். தொண்ணூற்றைந்து இறாத்தலைத் தொட்டால் பயணம் செய்யலாம் என்று கடிதம் தருகிறேன், அதற்குக் கீழே என்றால் இல்லை என்றார். இன்னும் பத்துக் கிழமை. பதினொரு இறாத்தல்.

ஃபரீதா கேசட்டில் கதைத்து அனுப்பியிருந்தாள். ஊர்ச் செய்தி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரே மூச்சில் சொன்னாள்: "உம்மா, மாப்பிள்ள வந்து வாசல்ல நிண்டா நீங்கதான் கையப் புடிச்சி உள்ளுக்கு எடுக்கணும். சாச்சிய நிப்பாட்ட வேணாம். நீங்க வராட்டி நான் கதவத் தொறக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

ஆசியா அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒன்பதாவது தடவை நாடா சுருண்டுகொண்டது. பென்சிலால் சுற்றிச் சுற்றி நான்தான் எடுத்தேன்.

3

மருத்துவமனையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்வதற்கென்றே ஒரு பெண் இருக்கிறார். அவர் எட்டுப் பக்கப் பிரசுரம் ஒன்றைத் தந்தார். புரதம் வேண்டும், காலையிலேயே வேண்டும், குறைந்தது இருபது கிராம் வேண்டும் என்றார். ஆசியா காலையில் சாப்பிட்டது ஒரு துண்டுப் பாணும் பிளேன்டீயும். நான் கூட்டிப் பார்த்தேன். மூன்று கிராம்.

இறைச்சி கொடுக்கலாம் என்றால், ஹலால் கடை இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். இரண்டு பஸ் மாறி வாங்கி வந்ததையும் மணக்கிறது என்று தள்ளினாள். இங்கத்தைய மீன் பனிக்கட்டிக்குள் கிடந்து பலகை போல வருகிறது. "இது கடலக் கண்ட மீனா? பெட்டியிலயே பொறந்த மீன்," என்றாள்.

பிரசுரத்தின் ஆறாம் பக்கத்தில்தான் அந்த வாஃபிள் இருந்தது. ஓட்ஸ் மா, முட்டை, சீனி, கொட்டேஜ் சீஸ் என்ற பால்கட்டி. ஒன்றில் இவ்வளவு புரதம் என்று கிராம் கணக்கில் அச்சடித்திருந்தார்கள். ஒரு சாப்பாட்டை இப்படி எண்ணால் எழுதியிருப்பதை வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். இது என்னால் முடியும் என்று தோன்றியது.

ஜெமீலா, எங்கள் மூத்த மகள், மறு சனிக்கிழமை ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்தில் அச்சு ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பாவிக்கும் முறை எழுதிய தாள் பெட்டிக்குள் இல்லை. நானும் ஆசியாவும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.

எங்கள் ஊர்க்காரருக்கு அச்சு என்றால் ஒன்றுதான். பெருநாளைக்குச் சுடும் அச்சுப் பலகாரம். இரும்பு அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் சூடாக்கி, மாவில் தோய்த்து, திரும்ப எண்ணெயில் இறக்க வேண்டும். பூப்போலக் கழன்று வரும். ஆசியா அதில் கைகாரி.

"எண்ணெய் காணாது. இன்னும் ஊத்துங்க," என்றாள், கதிரையில் இருந்தபடி.

"முக்கால் போத்தல் ஊத்தியாச்சி."

"அச்சு முங்கணுமே! என்ன பெரிய அச்சு. யானைக்கா பலகாரம் சுடுறானுகள்?"

"இந்த வயர என்ன செய்யிற?"

ஆசியா யோசித்தாள். "அது கொழுவி வெக்கிறத்துக்கு. சுவத்துல ஆணி இரிந்தா அதுல தொங்கப்போடலாம்."

நான் அச்சை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எண்ணெய்க்கு மேலே பிடித்தேன். பிஸ்மில்லாஹ் சொன்னேன். ஆனால் இறக்கவில்லை, எத்தனை நிமிடம் வைப்பது என்று பிரசுரத்தில் மறுபடி பார்க்க நினைத்தேன். அந்த இடைவெளியில் எண்ணெய் புகைந்தது. கூரையிலிருந்த புகைமணி கத்தத் தொடங்கிற்று. அது கத்துகிற கத்தில் ஆசியா கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸைத் தவறவிட்டு வீட்டுக்குத் திரும்பிய ஜெமீலா அப்போதுதான் கதவைத் திறந்தாள்.

"வாப்பா! அத எண்ணெய்க்குள்ள போடாதீங்க! அது கரண்டுல வேலை செய்யிற சாமான்!"

அவள் அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், கதிரையில் ஏறி மணியை நிறுத்தினாள். பிறகு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஆசியாவும் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வெக்காத மகள், நோகுது, நோகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்கால் போத்தல் எண்ணெய் வீண். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை மாதம் என்று யோசித்தேன். கணக்கு எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லாத கணக்கு மிகக் குறைவு.

4

முதல் வாஃபிளில் ஆசியா சாப்பிட்டது பதினொரு கட்டம்.

"இனிப்பா இரிக்கி. காலத்தால இனிப்புத் திண்டா எனக்குப் பிரட்டும்," என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அதோடு சீஸிலும் சிக்கல். அதை எந்த மிருகத்தின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் போட்டு உறைய வைக்கிறார்கள் என்று தெரியாது, ஹலால் இல்லாமலும் இருக்கலாம். செய்கிற கொம்பனிக்குக் கடிதம் எழுதினேன். இருபத்துமூன்று நாளுக்குப் பிறகு, எங்கள் பொருளை விரும்பியதற்கு நன்றி என்று பதில் வந்தது. கேட்ட கேள்விக்கு விடை மட்டும் இல்லை.

நான் காத்திருக்கவில்லை. பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் எந்தப் பொருளில் எவ்வளவு புரதம் என்று அட்டவணை இருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்களுடைய சாமான்களால் ஒரு வாஃபிள் கட்டினேன். ஓட்ஸ் மாவுக்குப் பதில் வறுத்து அரைத்த பயற்றம் மா. சீஸுக்குப் பதில் தயிர்; என்னுடைய பழைய மருதமுனைச் சாரனில் ஒரு முழம் வெட்டிக் கழுவி, அதில் தயிரைக் கட்டித் தண்ணீர்க் குழாயில் தொங்கவிட்டால், காலையில் கட்டியாக நிற்கும். பால்மா இரண்டு கரண்டி. முட்டை மூன்று. சின்ன வெங்காயம் இங்கு கிடைக்காது, பெரியதை அரிந்து போட்டேன். பச்சை மிளகாய் ஒன்று.

மாவை அளக்க ஊரிலிருந்து கொண்டுவந்த சுண்டுப் பேணி இருந்தது. விமான நிலையத்தில் அதைச் சுங்க அதிகாரி ஒருவர் வெளியே எடுத்து, கவிழ்த்து, தட்டி, முகர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். அரிசி அளக்கிறது என்றேன். உங்கள் நாட்டில் கப் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, தேத்தண்ணி குடிக்க என்றேன்.

இரண்டாம் நாள் பத்தொன்பது கட்டம். மூன்றாம் நாள் பதினாறு. எனக்குக் கவலை பிடித்துவிட்டது. நாலாம் நாள் ஆசியா சமையல் அலுமாரியைக் காட்டினாள்.

"அந்தப் போத்தல எடுங்க. மாசி இரிக்கி. இடிச்சிப் போடுங்க."

"மாசியா? இதுக்குள்ளயா?"

"உங்கட வாஃபிள்ல உசிர் இல்ல. காகிதத்தப் பாத்துச் சுட்டா காகிதம் மாதிரித்தான் இரிக்கும்."

மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டேன். அன்று முப்பத்தாறு கட்டமும் முடிந்தது. இன்னொன்று கேட்டாள்!

அட்டவணையை எடுத்துக்கொண்டு ஓடினேன். காய்ந்த மீனில் புரதம் எல்லாவற்றையும் விடக் கூட. முட்டை பதினெட்டு, பயற்றம் மா இருபத்துநான்கு, தயிர் பன்னிரண்டு, பால்மா எட்டு, மாசி பதினொன்று. மொத்தம் எழுபத்துமூன்று கிராம். ஆறு வாஃபிள். ஒன்றுக்குப் பன்னிரண்டு. மூன்று கட்டத்துக்கு ஒரு கிராம்! இரண்டு வாஃபிள் சாப்பிட்டால் இருபத்துநான்கு. மருத்துவமனை கேட்டதை விட நான்கு கூட. மீதி ஒரு கிராம் எந்த வாஃபிளில் போயிருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆசியா அதற்கு 'வரம்பப்பம்' என்று பெயர் வைத்தாள். கட்டங்களுக்குள் சொதியை ஊற்றி, ஒவ்வொரு வயலாக நிரம்புவதைப் பார்த்து, "உங்கட குளத்தத் தொறந்து விட்டிரிக்கி," என்பாள்.

5

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை தராசு. வாஃபிளுக்கு முந்திய இரண்டு கிழமையில் ஏறியது ஒரு இறாத்தல், எண்பத்தைந்து. பிறகு எண்பத்தேழரை, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டரை. ஒவ்வொரு தடவையும் இரண்டரை. குளம் நிறைகிற மாதிரி ஒரே சீராக ஏறிற்று. குசினிச் சுவரில் கோடு கீறி வைத்தேன். ஜெமீலா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே ஒரு சிவப்புப் பென்சில் கொண்டுவந்து தந்தாள்.

ஜெமீலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் இங்கு வந்து ஒன்பது வருடம். புருஷன் வேறு நகரத்தில் வேலை. கிழமைக் கடைசியில் வருவார். ஓம் என்பதை மறந்து ஓக்கே என்கிறாள். காலைச் சாப்பாடு என்பது அவளுக்கு நின்றுகொண்டே, கோட்டைப் போட்டுக்கொண்டே, பாலில் போட்ட எதையோ கரண்டியால் அள்ளுவது. ஒரு நாள் நேரம் பார்த்தேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. உம்மாவோடு கதைப்பது அதற்குள் அடக்கம். கோபமில்லை, அன்பு குறைவுமில்லை. நேரமில்லை. ஆனால் ஆசியா சாப்பிடாமல் மெலிந்ததற்கு வயிறு மட்டும் காரணமல்ல என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தனியாக இருந்து சாப்பிட்டுப் பழகாதவள் அவள்.

ஐந்தாவது கிழமையில் ஒரு காலை. நான் ஆறாவது வாஃபிளை எடுக்கும்போது ஜெமீலா கோட்டோடு வந்து நின்றாள்.

"என்ன மணம் வாப்பா இது? பஸ்ஸுல என்ட கோட்டெல்லாம் மாசி மணக்குது."

"அப்ப இனி மாசி போடாம விடவா?"

"ஆரு விடச் சொன்ன? எனக்கு ஒண்டு தாங்க."

கோட்டைக் கழற்றினாள். கதிரையை இழுத்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். கையால் பிய்த்துச் சம்பலில் தொட்டாள். ஆசியா தன் தட்டிலிருந்து இரண்டு கட்டத்தைப் பிய்த்து அவளுடைய தட்டில் வைத்தாள். அந்த இரண்டு கட்டத்தைக் கழிக்க வேண்டுமே என்று எனக்குப் பதற்றம். அன்று ஜெமீலா இருந்தது பதினேழு நிமிடம். அடுத்த நாளும் இருந்தாள்.

6

கடைசித் தராசு நேற்று.

புதன்கிழமை விமானம். நேற்றுத் தொண்ணூற்றைந்து இல்லையென்றால் கடிதம் இல்லை, கடிதம் இல்லையென்றால் பயணம் இல்லை. இரண்டரை ஏறினால் சரியாகத் தொண்ணூற்றைந்து. ஆனால் நடுவில் ஆசியாவுக்கு மூன்று நாள் சளித் தடிமன் பிடித்து, நாற்பத்தெட்டுக் கட்டம் குறைந்துபோயிருந்தது. அதாவது பதினாறு கிராம்.

தாதி கோட்டைக் கழற்றச் சொன்னார், சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். ஆசியா நீளக் கைச் சட்டையோடும் சேலையோடும் ஏறி நின்றாள். தாதி தராசுக் கட்டையை மெல்ல மெல்லத் தள்ளினார். தொண்ணூற்றைந்தரை! தாதி கை தட்டினார். ஜெமீலா உம்மாவைக் கட்டிப்பிடித்தாள்.

நான் மட்டும் நின்ற இடத்தில் நின்றேன். மூன்று இறாத்தல். மூன்று ஒருபோதும் வந்ததில்லை. அதுவும் தடிமன் பிடித்த இரண்டு கிழமையில் எப்படி வரும்? அப்போது ஜெமீலாவின் அணைப்புக்குள் கிலுங் என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஆசியா, சட்டைக் கைய மடி," என்றேன்.

"எதுக்கு?"

"மடி."

முழங்கைக்கு மேலே பொன் காப்புகள். இந்தக் கையில் ஆறு, அந்தக் கையில் ஆறு. கழுத்துக்குள் மாலை. அதற்கும் உள்ளே சங்கிலி. ஃபரீதாவுக்கென்று வைத்திருந்த நாற்பது பவுனும் மனுசியின் உடம்பில்!

"உம்மா!" என்றாள் ஜெமீலா.

"என்ன உம்மா? நகை போட்ட பொம்புளைய நிறுக்கப்படாதெண்டு எங்க எழுதியிரிக்கி? ஊருக்குப் போகக்குள்ள இதுகளும் என்னோடதானே வரும்?"

பவுன் ஒன்று எட்டுக் கிராம். நாற்பது பவுன் முந்நூற்றிருபது கிராம். முக்கால் இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. கழித்தால் தொண்ணூற்றைந்து இல்லை. தாதிக்கு எங்கள் பாஷை தெரியாது. கடிதத் தாளில் இலக்கத்தை எழுதப் பேனையைத் திறந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஃபரீதாவின் குரல் காதுக்குள் கேட்டது. இருந்தும், பிழையான நீர்மட்டத்தைப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்லை. அந்த இலக்கம் ஆசியாவின் உயிரைக் காக்கச் சொன்ன இலக்கம். தாதியிடம் என் ஆங்கிலத்தில் சொன்னேன். சேர், இது என் மனைவி மட்டுமல்ல, தங்கமும் சேர்ந்தது என்றேன். ஆணை அழைக்கும் 'சேர்' என்ற சொல்லால் ஒரு பெண்ணை அழைத்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

தாதி பேனையை மூடினார். ஆசியா என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

காப்புகளைக் கழற்றத் தொடங்கினாள். எண்பத்துநான்கு இறாத்தலில் நின்ற நாளில் இதே காப்புகள் தோள்வரை ஏறி, கையைத் தொங்கவிட்டதும் தானாகவே சரிந்து விழுந்தன. நான் நிலத்தில் பொறுக்கினேன். நேற்று மூன்றாவது காப்பு முழங்கையில் இறுகி நின்றது. ஜெமீலா இழுத்தாள், அசையவில்லை. தாதி சவர்க்காரம் கொண்டுவந்தார். அந்த இறுகிய காப்பைப் பார்த்தபோதுதான் என் மூச்சு இறங்கிற்று.

எல்லா நகையும் கழன்ற பிறகு திரும்ப ஏறினாள். தொண்ணூற்று நாலே முக்கால்.

கால் இறாத்தல்! தாதி, இது ஒரு பெரிய விஷயமல்ல, மருத்துவரிடம் கதைக்கிறேன் என்று புறப்பட்டார்.

"நில்லுங்க எண்டு சொல்லு மகள்," என்றாள் ஆசியா. கதிரையில் போய் இருந்தாள். கைப்பையைத் திறந்தாள். வெள்ளித்தாளில் சுற்றிய பொதி ஒன்றை எடுத்தாள். உள்ளே இரண்டு வரம்பப்பம்.

சாப்பிட்டாள். அவசரப்படவில்லை. நான் கட்டங்களை எண்ணினேன்; சத்தமாக எண்ணுகிறேன் என்பது தாதியும் ஆங்கிலத்தில் சேர்ந்து எண்ணத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. முப்பத்தாறு. ஏறினாள். கட்டை துடித்தது, எழும்பவில்லை. இறங்கி இரண்டாவதை எடுத்தாள். பாதியில் விக்கிற்று. ஜெமீலா தண்ணீர் கொடுத்தாள். எழுபத்திரண்டு.

ஏறினாள். தராசுக் கட்டை ஒரு தடவை அசைந்து, மெல்ல எழும்பி, நடுவில் நின்றது.

தாதி இலக்கத்தை எழுதினார். 95. அவர் உள்ளே போய்ச் சொன்னதும் மருத்துவரின் சிரிப்பு வெளியே கேட்டது. கையெழுத்தோடு கடிதம் வந்தது. நான் அதை நான்கு தடவை வாசித்தேன்.

பஸ் தரிப்பில் ஜெமீலா ஃபரீதாவுக்குத் தொலைபேசி எடுக்கக் காசு மாற்றப் போனாள். நானும் ஆசியாவும் வாங்குப் பலகையில் இருந்தோம். அவள் காப்புகளை ஒவ்வொன்றாகக் கைக்குள் போட்டாள், என்னை எண்ணச் சொன்னாள். பன்னிரண்டும் இருந்தன.

"கோபமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"நகையச் சொல்லிப்போட்டன்."

"சொல்லுவீங்க எண்டு தெரியும். முப்பத்தெட்டு வருஷமா உங்களப் பாக்கல்லியா நான்?"

"தெரிஞ்சா பின்ன ஏன் போட்டுக்கிட்டு வந்த?"

"ஒருவேளை இண்டைக்காவது சும்மா இரிப்பீங்களோ எண்டு பாத்தன்," என்றாள். வெறும் வெள்ளித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இரிக்கமாட்டீங்க எண்டுதானே இந்த ரெண்டையும் எடுத்து வந்த."